துணி வெட்டும் மேசை

மகள் கோல் காக்கும் ஹாக்கி உலகக் கோப்பை ஆட்டத்தைப் பார்க்க ரயிலேறி வந்த செங்கமலத்துக்கு, ஏழு லாட்ஜ் ஏறி இறங்கியும் அறை கிடைக்கவில்லை. கடைசி லாட்ஜுக்குக் கீழே தையல்கடை வைத்திருந்த தமிழ்க்காரி மெகருன்னிசா விஷயத்தைக் கேட்டதும், துணி வெட்டும் மேசையிலிருந்த ஜாக்கெட் துண்டுகளை ஒதுக்கிவிட்டுப் போர்வையை விரித்தாள். "நீளம் பத்துமான்னு படுத்துப் பாருங்கக்கா." பாதம் இரண்டும் வெளியே நீண்டன. மெகருன்னிசா தன் ஸ்டூலை இழுத்துவந்து முட்டுக்கொடுத்தாள். இரண்டு நாளாக ரயிலில் மடங்கியே கிடந்த கால்களுக்கு அப்பாடா என்றிருந்தது. கண்ணை மூடப்போனவளிடம் மெகருன்னிசா கேட்டாள்: "நாளைக்கு நானும் வரேன். பாப்பா எந்தப் பக்கம் நிக்கும்? அங்கேயே உக்காருவோம்." "பாதி ஆட்டத்துல பக்கம் மாறிடுவாங்கம்மா." மெகருன்னிசா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நாமளும் எந்திரிச்சு மாறிக்குவோம்."