பன்னிரண்டாவது ஆள்

"விடுங்க சார், சட்ட கிழியப் போவுது!"

மணவாளன் விடவில்லை. சிதம்பரத்துக் கல்யாண மண்டபத்தின் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த பெரியவரை, ஏழு வருஷமாய்த் தேடிய கொள்ளைக்காரனைப் பிடித்ததுபோல் உள்ளே இழுத்து வந்தார்.

மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்கும் மனைவி லோகநாயகிக்கும் இதுதான் வேலை. ஊர் ஊராகச் சுற்றுவது, போன இடத்தில் இலவச முகாம் நடந்தால் தொண்டு செய்வது. இன்றைக்குக் கண் முகாம், கூடவே ஒரு பந்தயம். யார் பிடித்துவரும் ஆட்களில் அதிகம் பேருக்குக் கண்புரை இருப்பதாக டாக்டர் சொல்கிறாரோ, அவர் சொல்லும் ஊருக்கே அடுத்த பயணம்.

அவளுக்கு ராமேஸ்வரம், இவருக்கு ஊட்டி. இதுவரை பதினொன்றுக்குப் பதினொன்று. முகாம் முடியப் பத்தே நிமிடம்.

"பேரு?"

"அந்தோணிசாமி. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது சார்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. எந்த ஊரு?"

"செம்மங்குப்பம். அங்கேருந்து இங்க வரைக்கும் ரோட்டப் பாத்துக்கிட்டேதான வந்தேன்!"

"ஜன்னலோரம் உக்காந்து வேடிக்க பாத்திருப்பீங்க. இது எத்தன வெரலு?"

"மூணு."

மணவாளன் காட்டியது இரண்டு. அந்த மே மாத வெயிலிலும் அவருக்கு ஊட்டிக் குளிர் அடித்தது.

"பாவங்க, அவரு என்னமோ சொல்ல வர்றாரு. கேளுங்களேன்" என்றாள் லோகநாயகி.

"தோக்கப் போறோம்னதும் எரக்கம் பொங்குதாக்கும்?"

அந்தோணிசாமி மறுபடி வாயைத் திறப்பதற்குள் அவரை நாற்காலியில் அமுக்கினார். நர்ஸ் சொட்டு மருந்து விட்டாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் பொற நல்லா முத்திடுச்சே! இன்னிக்கே அட்மிட் ஆயிடுங்க பெரியவரே. நாளைக்கு ஆபரேஷன்."

மணவாளன் துள்ளிய துள்ளலில் மண்டபத்து மின்விசிறிகளெல்லாம் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றின. "லோகு! சுவெட்டர எடுத்து வெளிய வையி!"

செம்மங்குப்பத்திலிருந்து வந்திருந்த பத்தொன்பது பேரும் பரிசோதனை முடிந்து, ஊர் திரும்ப வாசலில் காத்திருந்தார்கள். அந்தோணிசாமி அவர்கள் பக்கம் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மணவாளன் கையில் வைத்து அழுத்தினார்.

"காலையில இவுங்கள ஏத்தியாந்தது நாந்தான் சார். இந்தாங்க வேன் சாவி, திரும்ப நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க!"