பனியன் துணி முடிச்சு

மாரடைப்பு வந்த அன்று காலையில் என் கணவர் வாக்குவம் கிளீனரைப் பிரித்துப் போட்டு, மோட்டாருக்குத் தூசி போகாமலிருக்க ஏதோ செய்துகொண்டிருந்தார். அவர் காரியமெல்லாம் முடிந்து இன்றுதான் அதை எடுக்கிறோம், தூசியை இழுக்கவில்லை. மகள் யாழினி டியூபை ஊதிப் பார்க்கிறாள், பையை உதறுகிறாள், பிறகு மூடியைக் கழற்றியதும் சிரித்துவிடுகிறாள். "அப்பா வேலையப் பாருங்கம்மா! ஃபில்டர் மேல பனியன் வேஸ்ட் துணிய மடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருக்காரு. காத்து எப்படிப் போகும்?" அவர் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் பண்டல் கட்டும் அதே முடிச்சு. சன்னல் வெயில் அதன்மேல் விழுகிறது. "அவுத்துட்டா சரியாயிருமுங்கம்மா." அவள் விரல் முடிச்சிலேயே நிற்கிறது, சிரிப்பு அடங்கிவிட்டது. "வேண்டாங் கண்ணு, அப்படியே மூடிரு" என்கிறேன். மூடி, சுவிட்சைப் போடுகிறாள். மெஷின் வீடே அதிர இரைகிறது. தரையில் கிடக்கும் பஞ்சு கொஞ்சமும் அசையவில்லை.