மூணாம் நம்பர் பாட்டில்

கல்வராயன் மலைப் பள்ளியில் பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு. பாட்டிலில் இருப்பது என்ன உப்பு என்று சோதித்து எழுத வேண்டும். சின்னசேலத்திலிருந்து வந்த தேர்வாளர் தனசேகரன், கோகிலவாணியின் தாளைப் பார்த்துக் கடுப்பானார்.

"மூணாம் நம்பர் லெட் நைட்ரேட். நீ NaClனு எழுதியிருக்க. சமையல் உப்பா? இது லேபா, அடுப்படியா?"

"எனக்கு அதான் சார் வந்துச்சு."

"மத்த எல்லாருக்கும் சரியா வந்துதே?" சைபர் போட்டார்.

மதியம் கோழிக் குழம்பில் உப்பு கம்மி. லேப் உதவியாளர் ஆயம்மாள் மூணாம் நம்பர் பாட்டிலை எடுத்துவந்து தூவினார்.

தனசேகரன் பதறி எழுந்தார். "அது விஷம்மா."

"சாப்புடுங்க சார். மலைக்கு ஸ்டாக் வந்து மூணு வருசம் ஆவுது. எல்லா பாட்டில்லயும் வூட்டு உப்புதான்."

தனசேகரன் குரலைத் தாழ்த்தினார். "வேற யாருக்குத் தெரியும்?"

"கோகிலவாணிக்கு மட்டுந்தான் சார். மத்தவங்களுக்கு விடைய காலையிலயே காதுல சொல்லிட்டேன். இது லேட்டா வந்து, டெஸ்ட் பண்ணிப் பாத்துடுச்சு."