நடுங்காத கை

பீரோவுக்குள் வருஷக்கணக்காகக் கிடந்த வெள்ளித் தட்டின் மேல் ஒரு செல்போனை வீசிவிட்டு, அப்பா பீரோவைப் பூட்டினார்.

தட்டு விழித்துக்கொண்டது. "பெண் பார்க்க வர்றவங்களுக்கு என் மேலதான் காபி போகும். இந்த வீட்ல மூணு தலைமுறைப் பொண்ணுங்க என்னைத் தூக்கியிருக்காங்க. எல்லாருக்கும் கை நடுங்கும். ஒருத்திகூட மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்ததில்லை. நீ யாரு?"

"இந்த வீட்டுப் பொண்ணு தாரிணியோட போன்," என்று சிரித்தது அது. "அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு. தாரிணி தனக்குப் பிடிச்சவனைத் தானே தேடிக்கிட்டா. ஏழு மாசமா என் வழியாத்தான் பேச்செல்லாம்."

"அப்போ உன்னை ஏன் இங்கே பூட்டினாங்க?"

போன் பதில் சொல்வதற்குள் அவன் கூப்பிட்டான். ஒவ்வொரு அழைப்புக்கும் போன் தட்டின் மேல் கிடந்து நடுங்கியது. மறுநாள் மத்தியானத்தோடு அழைப்பு நின்றுவிட்டது.

"கூப்பிடாம இருக்க மாட்டானே," என்று போன் புலம்பிக்கொண்டே இருந்தது.

அதற்கடுத்த நாள் தட்டை எடுத்து விபூதி போட்டுத் தேய்த்தார்கள். வாசலில் கார் வந்து நின்றது.

சாயங்காலம் தட்டு பீரோவுக்குத் திரும்பியபோது போனில் கொஞ்சம்தான் உயிர் இருந்தது. "தாரிணிக்குக் கை நடுங்குச்சா?"

"இல்லை," என்றது தட்டு. "ஒரு சொட்டுக்கூடச் சிந்தலை. மாப்பிள்ளையை நிமிர்ந்துதான் பார்த்தா, சுவரைப் பார்க்கிற மாதிரி. அவ்வளவு சில்லுன்னு ஒரு கையை நான் தொட்டதே இல்லை."