அவர் நடந்த நடை

புது மருந்தின் ஆய்வுக்குப் பணம் போட்ட நிறுவனம், தேறி வருகிறவர்களுக்கு மட்டுமே மருந்தைத் தொடரும். அதனால், நரம்பு நோயில் படுத்துவிட்ட கணவர் தங்கமாரியப்பனுக்கு நடையையும் நாடியையும் அளக்கக் கொடுத்திருந்த கைப்பட்டையைச் செண்பகவல்லி தானே கட்டிக்கொண்டு, தினமும் காலையில் தெப்பக்குளத்தை நாலு சுற்றுச் சுற்றினாள். அவள் நடையும் நாடித்துடிப்பும் அவர் பெயரில் நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

மூன்றாம் மாதம், குளக்கரையில் இருந்தபோது ஆய்வு நர்ஸ் போன் செய்தாள்.

“அக்கா, அண்ணன் பிரமாதமா நடக்காரு! அவரைப் பாத்துத்தான் முடிவு பண்ணிருக்காங்க. நாளையிலருந்து பாதி மருந்து போதுமாம், ஆய்வுல இருக்க நானூறு பேருக்கும்.”

“நானூறு பேருக்குமா?”

செண்பகவல்லி மணிக்கட்டிலிருந்த பட்டையைப் பார்த்தாள்.

“அக்கா,” நர்ஸின் குரல் மாறியது. “இங்க திரையில அண்ணனுக்கு நாடி ஏன் இப்பிடி அடிக்கு? பக்கத்துலதான இருக்கிய?”