சத்தமில்லாத வண்டி

“பேட்டரி வண்டியே எடுக்கச் சொல்லுங்க.”

“டீசல்தான்னு சொல்லிட்டேன்லா!”

“புகையைக் குடிச்சு இருமியே சாவணுமாக்கும்?”

அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்க எந்த ஃபோர்க்லிஃப்ட் வாங்கலாமென்று முதலாளி ஓட்டுநர் சவரிமுத்துவிடமே கேட்டிருந்தார். அதே கிடங்கில் சிந்திய அரிசியைக் கூட்டுகிற அவன் மனைவி ஞானப்பூ, டீசல் வண்டியின் உறுமலைக் கேட்டே, திரும்பிப் பாராமல் வழிவிட்டுப் பழகியவள். அவன் வெள்ளோட்டத்துக்கு வந்திருந்த பேட்டரி வண்டியில் போய் ஏறினான். அவள் முணுமுணுத்துக்கொண்டே குனிந்து பெருக்கினாள். முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்டுத் திரும்பினாள். இரும்பு நாக்குகள் இரண்டும் அவள் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றன. ஹாரனைத் தொடாமல் அவன் வண்டியில் உட்கார்ந்திருந்தான்.

“உங்க இருமலைக் கேட்டுல்லா திரும்பினேன். இந்த வண்டி வந்தா அதுவும் நின்னுபோவும். அப்புறம் நீங்க வாரது எனக்கு எப்படிங்க தெரியும்?”