தலையில் பசை

சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் ராஜவேலுக்குத் தை மாதத்திலிருந்து தூக்கம் இல்லை. சிதம்பரத்து நரம்பு டாக்டர், மூளையில் ஏதாவது கோளாறா என்று பார்க்க ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னார். தலையில் எண்ணெய்ப் பிசுக்கே இருக்கக்கூடாது என்றார்கள். காலையில் மனைவி எழிலரசிதான் ஷாம்பூ போட்டுத் தேய்த்துவிட்டாள்.

ஸ்கேன் சென்டரில் வினோதினி என்ற பெண் அவர் தலை முழுக்கப் பசை தடவி வயர்களை ஒட்டினாள். "இந்தப் பசை லேசுல போவாதுக்கா. வீட்டுக்குப் போயி சுடுதண்ணியில அலசுங்க," என்று எழிலரசியிடம் சொன்னாள். எழிலரசி வெளியே போய்க் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ராஜவேல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, "போலாமா?" என்றார்.

கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். குறட்டைகூட வந்தது. எழிலரசிக்குக் கண் கலங்கியது. டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், "மெதுவா பேசுங்கண்ணா, இப்பதான் கண்ணசந்தாரு," என்றாள்.

புதுச்சத்திரம் தாண்டியதும் போன் அடித்தது. வினோதினி பேசினாள்.

"எங்கக்கா போயிட்டீங்க? டெஸ்ட்டு முடிஞ்சி வயரெல்லாம் கழட்டியாச்சி. அவருக்குப் பொட்டுத் தூக்கம் வரல. ஒங்களதான் கேட்டுக்கிட்டே இருக்காரு."

அவளுக்குப் பின்னாலிருந்து ராஜவேலின் குரல் கேட்டது. "எழிலு, என்ன வுட்டுட்டுப் போயிட்டியா?"

எழிலரசி தோளில் கிடந்த தலையைப் பார்த்தாள். துண்டுக்கடியில் மெல்ல விரலை விட்டாள். முடி பூப்போல இருந்தது. ஷாம்பூ வாசனை அடித்தது.

குறட்டை நின்றது.